எடை முதலா, மாஸ்க் முதலா?

"முதல்ல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்." பயங்கரக் குறட்டை, நடுராத்திரியில் மூச்சு நின்று நின்று வருகிறது (தூக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா) என்று போகிறவர்களுக்குக் கிளினிக்கிலும் வீட்டிலும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில் இது, கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுகிற உடம்பு எடையை லேசில் விட்டுக்கொடுக்காது. எடை இறங்கட்டும் என்று நாம் காத்திருக்கலாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயமும் காத்திருக்காது.

நேர் எதிர்த் தப்பும் உண்டு. தூக்கத்தில் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபாப் மெஷினை வாங்கி, அதன் மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டாயிற்று, இனி எடை தானாக இறங்கும் என்று இருந்துவிடுவது. இறங்காது. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறும். அதற்கான காரணம் பிறகு வருகிறது.

மாஸ்க்கையும் எடைக் குறைப்பையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள், ஆனால் ஒன்றின் கணக்கில் இன்னொன்றை எழுதாதீர்கள். இந்தப் பதிவில் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணமும் செய்முறையும்.

தொண்டைக்குள்

மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. அதற்கு மேலே, அண்ணத்தின் பின்பக்கத்திலிருந்து குரல்வளை வரையிலான தொண்டைக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. விழித்திருக்கும்போது வேலை செய்கிற அந்தத் தசைகள் தூங்கியதும் தளர்கின்றன. இளநீரில் ஊறிப்போன காகித ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், நடுவில் ஒட்டிக்கொள்ளும். மூடுகிற தொண்டையும் அப்படித்தான். நெஞ்சு எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும்.

எடை இதில் எங்கே வருகிறது? கழுத்தைச் சுற்றி வெளியே தெரிகிற கொழுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது நாக்கு. நாக்கின் பின்பாதியில், தொண்டையை ஒட்டிய அடிப்பகுதியில், தசை நார்களுக்கு நடுவே கொழுப்பு சேர்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஷ்வாப் குழுவினர் 67 பேரை எடை குறைப்பதற்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். சராசரியாக எடை 10 சதவீதம் போல இறங்கியதில் மூச்சுத்தடை 31 சதவீதம் குறைந்திருந்தது. அந்த முன்னேற்றத்துக்குத் தொண்டைப் பகுதியில் எது முக்கியக் காரணம் என்று தேடியதில் முதலிடம் நாக்குக் கொழுப்புக் குறைந்ததற்குத்தான். ஒரே எடையுள்ள இருவரில் ஒருவர் குறட்டையே விடாமல் தூங்குவதற்கும் மற்றவர் திணறுவதற்கும் இந்தக் கொழுப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பது ஒரு காரணம்.

தொப்பையின் வேலை வேறு. மல்லாந்து படுத்ததும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரலின் கொள்ளளவு சுருங்குகிறது. நுரையீரல் நன்றாக விரிந்திருக்கும்போது மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இரு முனையையும் இழுத்துப் பிடித்த ரப்பர் குழாய் விறைப்பாக நிற்பதுபோல, அந்த இழுவையால் தொண்டையும் விறைப்பாக இருக்கும். தொப்பை மேலே தள்ளினால் இழுவை போய்விடும், குழாய் தொளதொளக்கும். கூடவே நுரையீரலில் இருப்பாக உள்ள ஆக்ஸிஜனும் குறைவு என்பதால், அதே முப்பது நொடித் தடையில் ஒல்லியானவருக்கு 92க்கு இறங்குகிற ஆக்ஸிஜன் அளவு தொப்பைக்காரருக்கு 80க்குப் போய்விடலாம். தடைகளின் எண்ணிக்கை ஒன்றுதான், சேதம் ஒன்றல்ல.

கால் வீக்கத்துக்கும் இதில் பங்குண்டு. நாள் முழுக்க நாற்காலியிலோ கடைக் கல்லாவிலோ உட்கார்ந்திருந்தால் காலில் இறங்கிய நீர், படுத்த பிறகு மேலேறிக் கழுத்துத் திசுக்களுக்குப் போகிறது. சாயங்காலம் முக்கால் மணிநேரம் நடக்கிறவர்களுக்கு எடை இறங்காமலே மூச்சுத்தடை ஓரளவு குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியை 12 வாரம் செய்யவைத்த 2011ம் ஆண்டு ஆய்வொன்றில் எடை பெரிதாக மாறவில்லை, ஆனால் தடைகள் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தன.

ஒரு தடையின் நாற்பது நொடி

ஸ்லீப் ஸ்டடி (ராத்திரித் தூக்கப் பரிசோதனை) கிராஃபில் ஒரு தடையை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். மூக்குக் காற்றின் கோடு அலையலையாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று தரையோடு தரையாகப் படுத்துவிடும். நெஞ்சுப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும், அதுவும் எதிரெதிராக. நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வரும். மூச்சு எடுக்க முயற்சி நடக்கிறது, வாசல் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பத்து நொடி, இருபது நொடி, முப்பது. விரல் கிளிப்பின் ஆக்ஸிஜன் கோடு கொஞ்சம் தாமதித்துத்தான் சரியத் தொடங்கும். பிறகு மூளை அலையில் ஒரு படபடப்பு: மூன்று நொடிக்கு மூளை விழித்துக்கொள்கிறது. தசை இறுகுகிறது, "க்ர்ர்" என்று பெரிய சத்தத்தோடு காற்று உள்ளே பாய்கிறது, நாடித்துடிப்பு எகிறுகிறது. ஆசாமி திரும்பிப் படுப்பார். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

ஒரு மணிநேரத்துக்கு இப்படி நாற்பது என்றால், ஏழு மணிநேரத் தூக்கத்தில் 280 தடவை.

தடையிலிருந்து எடைக்கு

280 தடவை உலுக்கி எழுப்பப்பட்ட மூளை மறுநாள் என்ன கேட்கும்? இனிப்பும் மாவுச்சத்தும்தான். 2004ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி தலா நான்கு மணிநேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டால், வயிறு நிறைந்தது என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. அது மூச்சுத்தடை நோயாளிகளிடம் செய்த ஆய்வல்ல, தூக்கத்தைக் குறைத்துச் செய்தது. மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு லெப்டின் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், மூளைதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. முடிவு என்னவோ ஒன்றுதான்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 2010ல் அதே ஊரில் நடந்த இன்னொரு சின்ன ஆய்வு. பத்துப் பேர், ஒரே அளவு டயட், இரண்டு வாரம். ஒரு முறை படுக்கையில் எட்டரை மணிநேரம், இன்னொரு முறை ஐந்தரை மணிநேரம். இரண்டிலும் எடைமெஷின் காட்டிய இறக்கம் ஏறக்குறைய ஒன்றேதான், மூன்று கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தசையும் நீரும். முதலில் பத்து கிலோ குறைச்சுட்டு வாங்க என்பதற்கு என் பதில் இந்த இரண்டு எண்கள். கெட்டுப்போன தூக்கத்தோடு பட்டினி கிடந்தால், போவது எது என்று பார்க்க வேண்டாமா?

இதோடு பகலில் சொக்குகிற தூக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் சொருகாமல் இருக்க நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை மட்டுமே 160 கலோரி. பால் தனி, கூட வரும் வடை, பிஸ்கட் தனி. களைப்பில் நடையும் போகாது. இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவார்கள்.

ஒல்லியாக இருப்பவர்களும் படிக்கலாம்

குண்டாக இருந்தால்தான் இது வரும் என்று நினைப்பது நம் ஊரில் ஆபத்து. இந்தியர்கள் உள்ளிட்ட ஆசியர்களுக்கு வெள்ளையர்களைவிடக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) இந்தத் தொல்லை வருகிறது. சின்னதாக உள்தள்ளிய கீழ்த்தாடை, குறுகிய அண்ணம், இடுங்கிய தொண்டை ஆகியவை காரணம். சின்ன வீட்டுக்குள் பெரிய சோபாவைத் திணித்த மாதிரி, சின்னத் தாடைக்குள் நாக்குக்கு இடமில்லை. அதனால் ஐந்து கிலோ கூடினாலே பாதிப்பு தெரியும். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23லேயே கூடுதல் எடை, 25லேயே உடல் பருமன் என்று எல்லையை இறக்கி வைத்திருப்பது, குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வருவதால்தான். மற்ற நாடுகளில் அது 25, 30.

ஆகவே எடையை மட்டும் பார்க்காமல் இன்ச் டேப்பை எடுங்கள். கழுத்தை ஆதாம் ஆப்பிளுக்குச் சற்றுக் கீழே, டேப் படிந்தும் இறுக்காமலும் அளந்து பாருங்கள். 40 செ.மீ. தாண்டினால் சந்தேகப் பட்டியல். இடுப்பைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. கண்ணாடி முன்னால் வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவே இல்லை, நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம் என்றால் இடநெருக்கடி இருக்கிறது. காலையில் வாய் வறட்சி, தலைவலி, ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீர் போக எழுவது, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் இவையும் சேர்ந்தால் பரிசோதனைக்குப் போவதுதான் சரி. பெண்கள், குறிப்பாக மாதவிடாய் நின்றவர்கள், குறட்டையைவிடத் தூக்கமின்மை, களைப்பு, தலைவலி என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். தைராய்டு மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதி அனுப்பிவிடுவது நடக்கிறது. தூக்க மாத்திரைகளில் சில தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

எல்லோரும் பார்க்கிற எண் ஏ.எச்.ஐ. மணிக்கு எத்தனை தடவை மூச்சு முழுசாக நின்றது, எத்தனை தடவை கணிசமாகக் குறைந்தது என்பதன் கூட்டு. ஒவ்வொன்றும் குறைந்தது பத்து நொடி நீடித்திருக்க வேண்டும். 5க்குக் கீழ் சாதாரணம், 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடும் சின்னக் கருவியில் ஒரு சூட்சுமம் உண்டு. அதில் மூளை அலை பதிவாகாது. நீங்கள் தூங்கினீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. கருவி ஓடிய நேரம் முழுவதாலும் வகுத்துவிடும். 180 தடைகள், கருவி ஓடியது 8 மணிநேரம் என்றால் 22.5, நடுத்தரம். ஆனால் நீங்கள் தூங்கியது 6 மணிநேரம்தான் என்றால் உண்மை 30. தூக்கம் வராமல் புரண்ட ராத்திரியில் வந்த நல்ல ரிசல்டை நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்ற பிரிவு. மல்லாந்தால் 38, ஒருக்களித்தால் 9 என்று இருந்தால் அது தங்கமான தகவல். எடை இறங்கும்வரை முதுகுப் பக்கம் தலையணை அணைத்தோ பனியனின் முதுகில் பை தைத்துப் பந்து வைத்தோ ஒருக்களித்துத் தூங்குவதே பாதி வைத்தியம். எடை குறையும்போது முதலில் சரியாவதும் பெரும்பாலும் ஒருக்களித்த கணக்குதான், மல்லாந்த கணக்கு பிடிவாதம் பிடிக்கும். கடைசியாக, ஆக்ஸிஜன் 90க்குக் கீழ் எவ்வளவு நேரம் இருந்தது என்ற வரி. ஏ.எச்.ஐ. சுமாராக இருந்து இந்த நேரம் மட்டும் நீளமாக இருந்தால், அதுவும் பி.எம்.ஐ. 30க்கு மேல் என்றால், ரத்தத்தில் பைகார்பனேட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 27ஐத் தொட்டால், விழித்திருக்கும்போதே கரியமில வாயு தேங்குகிறதா என்று சோதிக்க வேண்டிய கட்டம் அது. இவர்களில் சிலருக்கு சிபாப் போதாது, மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று கொடுக்கிற பைபாப் மெஷின் வேண்டியிருக்கும். வெறும் ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்துச் சமாளிப்பது வாயுத் தேக்கத்தை அதிகமாக்கக்கூடும்.

எத்தனை கிலோவுக்கு எவ்வளவு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 690 பேரை நான்கு வருஷம் பின்தொடர்ந்து 2000ல் வெளியிட்ட கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. எடை 10 சதவீதம் ஏறினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறும், 10 சதவீதம் இறங்கினால் சுமார் 26 சதவீதம் இறங்கும். ஏறுவது வேகம், இறங்குவது நிதானம். நம் எல்லோர் அனுபவமும் அதுதானே!

92 கிலோ ஆளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 10 சதவீதம் என்றால் 9 கிலோ. ஆரம்பத்தில் ஏ.எச்.ஐ. 12 என்றால் 9க்கு வரும், இன்னும் கொஞ்சம் முயன்றால் தொல்லை தீரக்கூடும். ஆரம்பத்தில் 40 என்றால் 30க்கு வரும். ஒன்பது கிலோ குறைத்த பிறகும் அவர் தீவிர வகுப்பின் வாசலில்தான் நிற்கிறார். பத்து கிலோ குறைத்துவிட்டு மெஷினைத் தூக்கிப் போடுவேன் என்று சொல்வதற்கு முன் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறோம் என்று தெரிய வேண்டும்.

சராசரி சராசரிதான், மேலேயும் போகலாம். ஸ்வீடனில் பருமனான 63 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு ஒன்பது வாரம் டயட் கொடுத்தார்கள், அதில் முதல் ஏழு வாரம் மிகக் குறைந்த கலோரி திரவ உணவு. எடை கிட்டத்தட்ட 19 கிலோ இறங்கியது, ஏ.எச்.ஐ. 37லிருந்து 12க்கு வந்தது. அப்படியும் முழுசாகக் குணமானது 30 பேரில் 5 பேருக்குத்தான், 15 பேருக்கு லேசான அளவு எஞ்சியது. மருத்துவக் கண்காணிப்பில் செய்த டயட் அது. யூடியூப் பார்த்துச் செய்கிற காரியமல்ல.

அறுவை சிகிச்சையில் இந்த விநோதம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆஸ்திரேலியாவில் 60 பேரில் ஒரு பாதிக்கு இரைப்பையைச் சுருக்கிக் கட்டும் பட்டை, மறுபாதிக்கு வழக்கமான டயட். பட்டை போட்டவர்களுக்கு 28 கிலோ, மற்றவர்களுக்கு 5 கிலோ இறங்கியது. ஏ.எச்.ஐ.யோ பட்டை போட்டவர்களுக்கு 25.5, மற்றவர்களுக்கு 14 இறங்கியது. ஐந்து மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு பலன்கூடக் கிடைக்கவில்லை. முதல் சில கிலோக்கள்தான் நிறைய வேலை செய்கின்றன. தாடை எலும்பின் பங்கை எந்த டயட்டும் கரைக்காது.

எடை குறைக்கும் ஊசி மருந்தும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. டிர்செபடைடை வாரம் ஒரு ஊசியாக 52 வாரம் போட்ட ஆய்வுகள் 2024ல் வந்தன. பங்கேற்றவர்களின் சராசரி பி.எம்.ஐ. 39, ஏ.எச்.ஐ. 50 பக்கம். எடை 18 முதல் 20 சதவீதம் இறங்கி, ஏ.எச்.ஐ. 25 முதல் 29 வரை குறைந்தது. ஏறக்குறைய பாதிப்பேர் மெஷின் தேவைப்படாத அளவுக்கு வந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உடல் பருமனோடு வரும் நடுத்தர, தீவிர மூச்சுத்தடைக்கு அதை அனுமதித்தது. பெரிய விஷயம்தான். ஆனால் 50ல் 25 போனால் மீதி 25 என்பதையும், நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதையும், கணைய அழற்சி வந்தவர்களும் குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பி.எம்.ஐ. 26ல் நிற்கிற ஆளுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது.

மாஸ்க் மாட்டினால் எடை ஏன் ஏறுகிறது

1981ல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு ஐந்து பேருக்கு முதன்முதலில் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்ததிலிருந்து சிபாபின் தத்துவம் மாறவில்லை. காற்று ஒரு குச்சிபோல நின்று தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. கொழுப்பை அது தொடாது. இத்தனை நாளாக ராத்திரி முழுக்க நடந்த மூச்சுப் போராட்டமும் நரம்புப் படபடப்பும் கலோரி எரித்துக்கொண்டிருந்தன. மாஸ்க் வந்ததும் அந்தச் செலவு மிச்சம். சாப்பாடு பழையபடி என்றால் மிச்சம் வயிற்றில் சேரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி ஏற்றம் அரை கிலோ அளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் வந்த வாரத்திலேயே சாப்பாட்டுக் கணக்கும் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மெஷின் தருவது காலையில் எழுந்து நடக்கிற தெம்பு. அந்தத் தெம்பைச் செலவழிக்க வேண்டியது நாம்.

மாஸ்க்கில் முதல் இரண்டு வாரம்தான் கண்டம். கடையில் உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. படுத்து, மெஷினை ஓடவிட்டு, அழுத்தம் ஏறிய பிறகு பட்டையைச் சரிசெய்ய வேண்டும். படுத்தால் முகத்தின் சதை இடம் மாறும். மூக்குத் தண்டில் சிவப்புத் தடம் என்றால் இறுக்கம் அதிகம். காலையில் வாய் வறண்டிருந்தால் வாய் வழியாகக் காற்று போகிறது, முழு முக மாஸ்க்கோ தாடைப் பட்டையோ பார்க்க வேண்டும். முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு மாட்டினால் மாஸ்க்கின் சிலிகோன் வழுக்கும், சீக்கிரம் கெடும். ஏசி அறையில் குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் தெறித்தால் ஈரப்பதத்தைக் குறையுங்கள், மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். காற்றுக்கு ஈரப்பதம் தருகிற தொட்டிக்கு (ஹியூமிடிஃபையர்) காய்ச்சி வடித்த தண்ணீர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் வெள்ளைப் படிவம். கரண்டுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது. பேட்டரியில் ஓடும்போது ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் இன்னும் பல மணிநேரம் இழுக்கும்.

எடை இறங்கத் தொடங்கியதும் புதுப் பிரச்சினைகள் வரும். கன்னம் வற்றி, சரியாக இருந்த மாஸ்க் கசியும். ஒரு சைஸ் சின்னது தேவைப்படலாம். பழைய எடைக்கு வைத்த அழுத்தம் இப்போது அதிகமாகி, காற்று வயிற்றுக்குள் போய்க் காலையில் உப்புசம், ஏப்பம். இதை கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்கிற ஆட்டோ மெஷின் என்றால் 95வது சதமான அழுத்தம் (நேரத்தில் 95 சதவீதம் இதைத் தாண்டாமல் ஓடியது என்று அர்த்தம்) என்ற வரியை மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். 12ல் இருந்தது 9.5க்கு வந்தால் தொண்டையின் நெருக்கடி குறைந்திருக்கிறது. நிலையான அழுத்தம் வைத்த மெஷின் தானாக இறங்காது, எடை 10 சதவீதம் மாறினால் டாக்டரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான். மாஸ்க்கும் எடைக் குறைப்பும் சேர்ந்து வேலை செய்யும்போது பழைய டோஸ் தலைசுற்றலையும் தாழ் சர்க்கரையையும் கொண்டுவரும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம்

விரிவாக எழுத வேண்டியதில்லை. மூச்சுத்தடைக்கென்று தனி டயட் கிடையாது. இரண்டு மட்டும். தசை போகாமல் எடை இறங்க வேண்டும் என்றால் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் அளவுக்குப் புரதம் தேவை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. 80 கிலோ ஆளுக்கு 80 கிராம். முட்டையில் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 முதல் 9, சமைத்த கோழி 100 கிராமில் 27 பக்கம். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நம் சாம்பாரில் ஒரு கரண்டிக்குத் தேறுவது பெரும்பாலும் தண்ணீரும் புளியும்தான்.

இன்னொன்று, ராத்திரிச் சாப்பாடு. பத்தரைக்குப் பரோட்டா, பதினொன்றரைக்குப் படுக்கை என்றால் நிறைந்த வயிறு உதரவிதானத்தை இன்னும் தள்ளும், அமிலம் தொண்டைக்கு ஏறி அங்கே வீக்கம் உண்டாக்கும். படுப்பதற்கு மூன்று மணிநேரம் முன்பே முடித்துவிடுங்கள். குடிப்பழக்கம் இருந்தால், எடையில் ஒரு கிராம் மாறாமலே அன்றைய ராத்திரியின் ஏ.எச்.ஐ.யை ஏற்றிவிட மது ஒன்றே போதும்.

மெஷினை எப்போது நிறுத்தலாம்

குறட்டை நின்றுவிட்டது என்று மனைவி சொன்னார், அதனால் நிறுத்திவிட்டேன் என்பதுதான் அடிக்கடி நடக்கிறது. குறட்டை என்பது அதிர்வு, மூச்சுத்தடை என்பது அடைப்பு. எடை குறைந்து அதிர்வு போன பிறகும் அடைப்பு மிச்சமிருக்கலாம், குறிப்பாகக் கனவுத் தூக்கத்திலும் மல்லாந்த நிலையிலும். மெஷினின் திரையில் ஏ.எச்.ஐ. 1.8 என்று வருவதும் ஆதாரமல்ல. அது மெஷின் ஓடும்போது உள்ள எண். கண்ணாடி போட்டுக்கொண்டு கண் பார்வை சரியாகிவிட்டது என்று சொல்வது போலத்தான் அதுவும்.

எடை இலக்கைத் தொட்டு, இரண்டு மூன்று மாதம் அங்கேயே நின்ற பிறகு, டாக்டர் சொல்கிறபடி சில ராத்திரிகள் மெஷினை விட்டுவிட்டு, மெஷின் இல்லாமல் திரும்பவும் ஸ்லீப் ஸ்டடி. மல்லாந்து படுத்த நேரம் அதில் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பரீட்சைதான். ஏ.எச்.ஐ. 5க்குக் கீழ், பகலில் தூக்கமில்லை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் என்றால் நிறுத்தலாம். 5க்கும் 15க்கும் நடுவில் என்றால் ஒருக்களித்த தூக்கம், பல் டாக்டர் செய்து தருகிற தாடை முன்தள்ளும் கருவி என்று வேறு வழிகள் உண்டு. 15க்கு மேல் என்றால் மாஸ்க் தொடர்கிறது. எடை குறைத்தது வீணில்லை, குறைந்த அழுத்தத்தில் சௌகரியமாகத் தூங்குவீர்கள். லாரி, பஸ், கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இந்த இடைவெளி ராத்திரிகளுக்கு மறுநாள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

நிறுத்தியவர்கள் மெஷினை உடனே ஓஎல்எக்ஸில் போட்டுவிட வேண்டாம். தொட்டியைக் காலிசெய்து நிழலில் உலர்த்தி, குழாயைத் தொங்கவிட்டு ஈரம் போனதும் ஃபில்டரைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் மேல் நிறுத்திய நாளின் எடையையும் கழுத்துச் சுற்றளவையும் மார்க்கரில் எழுதுங்கள். அந்த எடைக்கு மேல் ஐந்து கிலோவோ, கழுத்தில் ஒன்றரை செ.மீ.யோ ஏறினால், குறட்டைக்காகக் காத்திருக்காமல் பெட்டியைத் திறந்து ஃபில்டரை மாற்றி மாட்டிக்கொண்டு, அடுத்த ஸ்டடிக்குத் தேதி வாங்குங்கள்.